48 வோல்ட் லோடு ஆட்டோவுக்குப் பேனல் மீட்டர்: எது வாங்கலாம், எங்க மாட்டலாம்?

சென்னிமலைக்காரன்:

வணக்கமுங்க. நம்மகிட்ட எலக்ட்ரிக் லோடு ஆட்டோ ஒண்ணு இருக்குது. 12 வோல்ட் 130 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) ஆசிட் பேட்டரி நாலு, மொத்தம் 48 வோல்ட். பெட்ஷீட் கட்டு ஏத்தி ஈரோட்டுக் கடைகளுக்குப் போடுறதுதான் பொழப்பு.

டேஷ்போர்டுல அஞ்சு கட்டம். காலையில அஞ்சும் எரியுது. வெள்ளோடு வரைக்கும் நாலு நிக்குது. அப்புறம் மேடு ஏறையில பொசுக்குன்னு ஒண்ணுக்கு எறங்கி வண்டி நொண்டுது. ஓரங்கட்டி ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து பாத்தா மறுபடியும் மூணு காட்டுது. எதை நம்பறதுன்னே தெரியலீங்க.

சார்ஜர் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பழைய கனமான பெட்டி, முள்ளு ஆம்ப்மீட்டர் வெச்சது. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில புடுங்கறதுதான். எப்ப நெறஞ்சுதுன்னு தெரியாது. டிஸ்டில்டு வாட்டர் வேற முன்னைக்கு நெறைய குடிக்குது.

ஆன்லைன்ல செவப்பு எழுத்து வோல்ட் மீட்டர் சல்லிசாக் கெடைக்குது. அதுல ஒண்ணு மாட்டுனா போதுமா? நெறஞ்சதும் தானா கட் ஆகுற மாதிரி ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

காங்கயம் பேட்டரிக்கடை:

தம்பி, டீ குடிச்சுட்டு வந்ததும் மூணு கட்டம்னு எழுதுனீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்குது. அந்தக் கட்டம் பாக்குறது வோல்டேஜை மட்டும். லோடு இழுக்கையில எறங்கும், நிறுத்துனா ஏறும். நீங்க இன்னொரு வோல்ட் மீட்டர் மாட்டுனா அதே பொய்யைப் புள்ளி வெச்சுச் சொல்லும், அவ்வளவுதான். ஆம்ப்ஸும் தெரியணும், நாலு பேட்டரியும் தனித்தனியாத் தெரியணும்.

மொதல்ல வண்டிக்கு. வோல்ட், ஆம்ப்ஸ், வாட்ஸ், வாட் ஹவர் நாலும் ஒரே திரையில காட்டுற நீலத்திரை மீட்டர் வருது. 6.5-லிருந்து 100 வோல்ட் வரைக்கும் தாங்கும், தனி சப்ளை வேண்டாம். கூடவே 100 ஆம்ப்ஸ் 75 மில்லிவோல்ட் ஷன்ட் குடுப்பாங்க, கரண்ட்டை அளக்க மெயின் கேபிளுக்கு நடுவுல போடற ரெசிஸ்டன்ஸ் துண்டு அது. ஷன்ட்டை பேட்டரி நெகட்டிவ்ல, மத்த எல்லா ஒயருக்கும் முன்னாடி போடணும். பெரிய போல்ட்டுல மெயின் கேபிள், சின்ன ஸ்க்ரூவுல மீட்டர் ஒயர். நெறையப் பேரு ரெண்டையும் பெரிய போல்ட்டுலயே சொருகி முறுக்கிடறாங்க. அந்த ஷன்ட்டோட ரெசிஸ்டன்ஸே முக்கால் மில்லிஓம்தான். போல்ட்டு லூசாகி இன்னொரு முக்கால் மில்லிஓம் சேந்தா, 20 ஆம்ப்ஸ் ஓடறது மீட்டர்ல 40-ன்னு நிக்கும். அப்புறம் மோட்டார் கெட்டுப்போச்சுன்னு கன்ட்ரோலரைக் கழட்டிட்டு வருவாங்க. பாசிட்டிவ்ல இருந்து மீட்டருக்குப் போற மெல்லிசு ஒயருக்கு பேட்டரி பக்கத்துலயே 1 ஆம்ப்ஸ் ஃபியூஸ் போட்டுருங்க. அந்த ஒயர் பாடியில தேஞ்சு ஷார்ட் ஆனா ஃபியூஸ் இல்லாத வண்டி பத்திக்கும்.

இந்த மீட்டர் ஒரு பக்கம் ஓடற கரண்ட்டைத்தான் கணக்குப் பண்ணும். சார்ஜ் ஏறையில ஷன்ட்டுல கரண்ட் திரும்பி வரும், அது கணக்குல வராது. அதனால சார்ஜருக்கு 50 ஆம்ப்ஸ் ஷன்ட்டோட இன்னொண்ணு வாங்கி, சார்ஜர் பெட்டி மேலயே ஸ்க்ரூ பண்ணிருங்க. அது வீட்டுலயே கெடக்கும்.

ரெண்டும் இருந்தா தெனமும் கணக்குப் பாக்கலாம். ஈரோடு போய்ட்டு வந்து 3 யூனிட் (மீட்டர்ல 3000 வாட் ஹவர்) எறங்கியிருந்தா, திரும்ப ஏத்தறதுக்கு 4 யூனிட் பக்கம் ஆகும். ஆசிட் பேட்டரின்னா அந்தச் சேதாரம் இருக்கத்தான் செய்யும். 5-க்கு மேல போகுதுன்னா மிச்சம் தண்ணியக் கொதிக்க வைக்கத்தான் போகுது. உங்க டிஸ்டில்டு வாட்டர் செலவுக்குக் காரணம் அங்கதான் இருக்கும்.

நெறஞ்சதை எப்படிக் கண்டுபுடிக்கறது? பேட்டரிக்கு 14.4, நாலுக்கு 57.6 வோல்ட். ஆனா 57.6 தொட்டதுமே நெறஞ்சுபோச்சுன்னு எடுத்துறாதீங்க, அப்ப முக்கால்வாசிக்கு மேல கொஞ்சம்தான் ஏறியிருக்கும். வோல்ட் அங்கயே நிக்க, ஆம்ப்ஸ் படிப்படியா எறங்கி 3, 4-க்கு வந்து அசையாம இருந்தா நெறஞ்சுதுன்னு அர்த்தம். ஆம்ப்ஸ் எறங்காம பேட்டரி கை வெக்க முடியாதளவுக்குச் சுட்டா உடனே புடுங்கிருங்க. சித்திரை வெயில்ல ஷெட்டுக்குள்ள 35 டிகிரிக்கு மேல போகையில 57.6 அதிகம், 56.8 போதும்.

உங்க சார்ஜர்ல இன்னொரு வில்லங்கம் இருக்குது. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கு லைன்ல என்ன வோல்டேஜோ அதுக்குத் தக்கனதான் அவுட்புட். பகல்ல தறி ஓடையில லைன் 200-க்கு எறங்கும். தறி நிறுத்துன ராத்திரி 245-க்கு ஏறும். அன்னைக்கு விடிய விடியப் போட்டா 60 வோல்ட்டைத் தாண்டும். ஆட்டோ கட் ரிலே போர்டு கெடைக்குது, ஆனா வோல்டேஜை மட்டும் பாத்து கட் பண்றதால சீக்கிரமே நிறுத்திப்போடும். அந்தக் குட்டி ரிலேவுல 58 வோல்ட் டி.சி.யை அறுத்தா பாயின்ட் ஒட்டிக்கும். போடறதா இருந்தா சார்ஜருக்குப் போற 230 வோல்ட் பக்கம் போடுங்க. என்னையக் கேட்டா அந்தக் காசோட கொஞ்சம் சேத்து மூணு ஸ்டேஜ் எஸ்.எம்.பி.எஸ். சார்ஜர், அதாவது லைன் ஏறி எறங்கினாலும் அவுட்புட்டை நிலையா வெச்சு, நெறைய நெறையத் தானா கொறைச்சுக்கற எலக்ட்ரானிக் சார்ஜர் வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

அந்தச் செவப்பு எழுத்து மீட்டருக்கும் வேலை இருக்குது. ரெண்டு ஒயர் மாடல்ல நாலு வாங்கி, பேட்டரிக்கு ஒண்ணு மாட்டுங்க. மூணு ஒயர் வேண்டவே வேண்டாம். அதுல சப்ளை நெகட்டிவும் அளக்குற நெகட்டிவும் ஒண்ணு. நாலுக்கும் ஒரே கன்வெர்ட்டர்ல சப்ளை எடுத்து ரெண்டாவது பேட்டரில மாட்டுனீங்கன்னா, மொத பேட்டரி அந்த மெல்லிசு ஒயர் வழியா ஷார்ட். ரெண்டு ஒயர் மாடல் அந்தந்த பேட்டரில இருந்தே எரியும். சும்மா எரிய விட்டாலும் தெனம் அரை ஏ.ஹெச். திங்கும், அதனால ஒவ்வொண்ணுக்கும் அமுக்கு சுவிட்ச். மேடு ஏறையில பக்கத்துல ஒரு ஆளை உக்கார வெச்சு அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க. நீங்க ரோட்டைப் பாருங்க.

பல்லடம் தறி:

அண்ணன் சொன்னது அப்படியே சரிங்க. ஒண்ணு மட்டும்: தோட்டத்து இலவச சர்வீஸ்ல வண்டியைச் சொருகிறாதீங்க. வாங்குன காரியத்துக்கு இல்லாம வேற எதுக்குக் கரண்ட் எடுத்தாலும் 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுல கட்டவேண்டி வரும். எங்க பக்கம் ஒருத்தரு கட்டுனாரு.

திருப்பூர் ஸ்கூட்டி:

எனக்கு எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, 16 செல். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா அண்ணா?

காங்கயம் பேட்டரிக்கடை:

வோல்ட் கணக்கு பொருந்தாதும்மா. லித்தியத்துல கால்வாசியில இருந்து முக்கால்வாசி வரைக்கும் 52, 53-லயே நிக்கும், அதைப் பாத்து எவ்வளவு மிச்சம்னு சொல்ல முடியாது. ஏ.ஹெச். கணக்குப் பண்ற மீட்டர்தான் வேணும், அதையும் முழுசா நெறையறப்ப எல்லாம் நூறு சதவீதத்துக்கு ரீசெட் பண்ணணும். வாரன்டி இருந்தா பேக்கைத் தொறக்காதீங்க. அப்படின்னா, எவ்வளவு ஏறுதுன்னு பாக்க சுவத்து பிளக்குல சொருகற யூனிட் மீட்டரே உங்களுக்குப் போதும்.

சென்னிமலைக்காரன்:

மாட்டியாச்சுங்கண்ணா. மச்சானை உக்கார வெச்சு மேட்டுல அமுக்கிப் பாத்தோம். மத்த மூணும் 11.5 பக்கம், மூணாவது மட்டும் 9.4. அதை மட்டும் புதுசா மாத்திறலாமுங்களா?

காங்கயம் பேட்டரிக்கடை:

அவசரப்பட வேண்டாம். ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டு, ஆசிட்டோட அடர்த்தி காட்டுற ஹைட்ரோமீட்டர்ல அந்த மூணாவது பேட்டரியோட ஆறு செல்லும் பாருங்க. அஞ்சு 1.250 காட்டி ஒண்ணு மட்டும் 1.150-ல நின்னா அந்தப் பேட்டரி முடிஞ்சுது. ஆறும் ஒரே மட்டத்துல எறங்கியிருந்தா, ஒயரைக் கழட்டி 12 வோல்ட் சார்ஜர்ல தனியாப் போடுங்க, பொழைக்க வாய்ப்பிருக்குது.

முடிஞ்சுதுன்னாலும் புதுசை மூணு பழசோட கோக்காதீங்க. பழசு மூணும் முந்தி நெறஞ்சு கொதிக்கும், புதுசு அரைகுறையாவே நிக்கும். கடைக்கு மாத்தி எடுத்த பேட்டரி வரும்போது அதே வயசுல நல்லதா ஒண்ணு ஒதுக்கி வைக்கறேன், வந்து லோடு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க.