காலேஜா, பிராஞ்சா? வீட்டில் தினமும் சண்டை

ஒர்க்‌ஷாப் அப்பா:
மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கு 92, இயற்பியல் 90, வேதியியல் 88. கணக்கை முழுசாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்தால் கட்-ஆஃப் 200-க்கு 181 வருகிறது. பிசி. எங்கள் குடும்பத்தில் யாரும் காலேஜ் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. போன வருடப் பட்டியலைப் பார்த்தால் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, தெற்கே ஓர் அரசு பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ, அதாவது மின், மின்னணுப் பொறியியல். இன்னொன்று, கோவைப் பக்கம் தனியார் தன்னாட்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவள் கம்ப்யூட்டர் என்கிறாள், நான் அரசுக் கல்லூரி என்கிறேன், அவள் அம்மா ரெண்டு பேரும் முதலில் சாப்பிட வாங்க என்கிறாள். கவுன்சலிங் பதிவு முடிய 4 நாள் இருக்கிறது. சாய்ஸ் நிரப்புவது அப்புறம்தான், ஆனால் அதுவரை வீடு தாங்காது.

கிண்டிக்காரன்:
சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரசுக் கல்லூரிதான். நான் 1998-ல் சேர்ந்தபோது ஊரே ஐடி, ஐடி என்றது. அப்போதெல்லாம் கவுன்சலிங்குக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து, திரையில் இடம் குறைவதைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் ஐடியை அள்ளிக்கொண்டு போனார்கள். 2002-ல் வெளியே வந்தால், இணையக் கம்பெனிகள் கவிழ்ந்த டாட்காம் சரிவில் அதே ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள். பிராஞ்சின் மவுசு நாலு வருடத்தில் மாறிவிடும். கூடப் படிக்கிற கூட்டம் அப்படியில்லை. அரசுக் கல்லூரியில் எல்லா இடமும் கவுன்சலிங்கில்தான் நிரம்பும், மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது. பக்கத்து பெஞ்சில் இருப்பதும் உங்கள் பெண் மாதிரியே முட்டி மோதி மார்க் வாங்கிய பிள்ளைதான். கட்டணமும் உங்கள் ஒர்க்‌ஷாப் வருமானத்துக்குள் அடங்கும்.

நைட் ஷிப்ட்:
1998 கதையை இன்றைக்குச் சொன்னால் எப்படி அண்ணா? அரசுக் கல்லூரி என்றதும் எல்லோருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரியும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் (ஜிசிடி)தான் கண்ணில் வருகிறது. ஒன்று 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்தது, இன்னொன்று 1945-ல். அந்தப் பெயரை நேற்றுத் திறந்த அரசுக் கல்லூரிக்கும் ஒட்டவைத்துவிடுகிறோம். எல்லா இடத்திலும் அதே ஆசிரியர், அதே லேப், அதே கம்பெனிகளா வருகின்றன?

நான் தனியார் கல்லூரியில் சிஎஸ் படித்தவன். கல்லூரி சுமார்தான், மறைக்கவில்லை. ஆனால் நாலு வருடமும் எனக்குப் பிடித்ததைப் படித்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டர் கேட்கிறது. பிடிக்காத மோட்டாரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் நாலு வருடம் தலையில் கட்டினால் அரியர்தான் மிச்சம்.

சாக்பீஸ்:
நான் தனியார் பொறியியல் கல்லூரிகளில் 14 வருடம் பாடம் எடுத்தவள். இரண்டு பேரும் போர்டைப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். ஒருவருக்கு ‘அரசு’ என்ற போர்டு, இன்னொருவருக்கு ‘கம்ப்யூட்டர்’ என்ற போர்டு.

நைட் ஷிப்ட் தம்பிக்கு: நீங்கள் படித்த காலத்தில் சிஎஸ் இரண்டு செக்‌ஷன் இருந்திருக்கும். இப்போது சில இடங்களில் ஏழெட்டு. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-ல் எடுத்துவிட்டது. இடம் ஒரே ராத்திரியில் கூடும். ஆசிரியர் அப்படிக் கூடுவாரா? நான் கடைசியாக இருந்த கல்லூரியில் போன வருடம் எம்.இ. முடித்த பிள்ளை, இந்த வருடம் ஏஐ டிஎஸ் (செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல்) வகுப்பில் பாடம் எடுக்க நின்றாள். பாவம், முந்தின நாள் ராத்திரி படித்துவிட்டு வருவாள். 2024-ல் ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருந்த விவகாரம் செய்திகளில் நாறியதே, மறந்துவிட்டதா?

ஒர்க்‌ஷாப் அண்ணே, நீங்கள் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடாகத் தரும் நாக் (NAAC) கிரேடைப் பார்த்து மயங்காதீர்கள். அது கல்லூரி முழுவதற்கும் தருவது. என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரம் பிராஞ்ச் வாரியாகத் தருவது. நீங்கள் கேட்கும் கல்லூரியில், நீங்கள் கேட்கும் பிராஞ்சுக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கலுக்கு வாங்கிவிட்டு போஸ்டரில் பொதுவாகப் போடுவார்கள்.

அப்புறம் பிளேஸ்மென்ட். 95 சதவீதம் என்று பேனர் இருந்தால், எதில் 95 என்று கேளுங்கள். அரியர் இல்லாமல், பத்தாவது முதல் எல்லாவற்றிலும் 60 சதவீதம் வைத்து, நேர்காணலுக்கு உட்காரத் தகுதி பெற்றவர்களில் 95 என்றிருக்கும். வகுப்பில் பாதிப் பேர் அந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டார்கள். ஒரே பையனுக்கு 3 ஆஃபர் வந்தால் சில இடங்களில் 3 என்றே எண்ணுவார்கள். அட்மிஷன் ஆபீஸில் இதையெல்லாம் கேட்டால் காபிதான் கிடைக்கும். சாயங்காலம் பஸ் ஏறும் நாலாம் வருடப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

கிண்டிக்காரன்:
மேடம் சொன்னதெல்லாம் தனியாருக்குப் பொருந்தும். என் கட்சிதானே ஜெயிக்கிறது?

சாக்பீஸ்:
இல்லை சார். உங்கள் அரசுக் கல்லூரியிலும் கேட்க வேண்டியது இருக்கிறது. அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், மணிக்கணக்குச் சம்பளத்தில் வருபவர் எத்தனை பேர்? கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் வருடம்:
அங்கிள், நான் அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் ஈ படிக்கிறேன், அதனால் எழுதுகிறேன். முதல் செம்மில் எனக்குக் கணக்கில் அரியர். பிளஸ் டூவில் 96 எடுத்தவள்! ஸ்கூலில் யாராவது தினமும் விரட்டிக்கொண்டே இருந்தார்கள், இங்கே யாரும் விரட்டவில்லை, அவ்வளவுதான். இன்டர்னலுக்கு முந்தின நாள்தான் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு சீனியர் அக்கா பழைய கேள்வித்தாளோடு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், அடுத்த முறை எடுத்தேன். உங்கள் மகள் எங்கே சேர்ந்தாலும் முதல் செம்மில் அரியர் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பகலில் மெஷின்ஸ் லேப், ராத்திரி ஹாஸ்டலில் பைத்தான். ஐஐடி-கள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் பணம். பெரிய ஐடி கம்பெனிகள் பல எல்லா பிராஞ்சையும் எடுக்கின்றன. சில கம்பெனிகள் சிஎஸ், ஐடி மட்டும் என்று போடும். அன்றைக்குக் கொஞ்சம் வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் தொழிற்சாலை, தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட், பழைய காற்றாலைகள் என்று எங்கள் பாடத்துக்கும் பக்கத்திலேயே ஆள் தேவைப்படுகிறது.

நைட் ஷிப்ட்:
தங்கச்சி, நீ சொல்வதுதான் என் கட்சி. ராத்திரி தூக்கம் கெட்டுப் பைத்தான் படிக்கிறவள், அதைப் பகலிலேயே படித்தால் என்ன?

மூன்றாம் வருடம்:
பகலில் படித்திருந்தால் எனக்கு மெஷின்ஸ் தெரிந்திருக்காது அண்ணா. அது எனக்குப் பிடித்துவிட்டது. சேரும்போது பிடிக்காது.

நைட் ஷிப்ட்:
உனக்குப் பிடித்தது. பிடிக்காமல் போன எத்தனை பேர் உன் வகுப்பில்?

மூன்றாம் வருடம்:
இருக்கிறார்கள். கடைசி பெஞ்ச் முழுக்க.

எகனாமிக்ஸ்காரி:
பொறியியல் மட்டும்தான் படிப்பா? சென்னை மாநிலக் கல்லூரி 1840-லிருந்து இருக்கிறது. அங்கே இடம் கிடைப்பதும் லேசில்லை. சும்மா சொல்லி வைத்தேன், திட்ட வேண்டாம்.

கிண்டிக்காரன்:
திட்டவில்லை அம்மா, ஆனால் அவர் கேட்டது அது இல்லை. சார், பணத்தையும் பாருங்கள். தனியாரில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-ல் நிர்ணயித்தது வருடத்துக்கு 50,000, என்பிஏ இருந்தால் 55,000. அது காகிதத்தில். பஸ், ஹாஸ்டல், டிரெயினிங் என்று தனியாக வரும் ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள்.

நைட் ஷிப்ட்:
அவர்கள் வீட்டில் பட்டதாரியே இல்லை என்கிறாரே. முதல் பட்டதாரி சான்று வாங்கினால் டியூஷன் கட்டணத்தில் சலுகை உண்டு. கவுன்சலிங்கில் எடுக்கும் இடத்துக்குத்தான், மேனேஜ்மென்டில் போனால் கிடையாது.

சாக்பீஸ்:
ஆமாம், அதைப் பதிவு முடிவதற்குள் ஏற்றிவிடுங்கள். இன்னொன்று. சாய்ஸ் நிரப்பும்போது ‘கிடைக்காது’ என்று நினைத்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, மேலிருந்து பார்த்து எது காலியோ அதைத்தான் கணினி தரும். கிடைக்காததை முதலில் போட்டதால் அடுத்தது கைவிட்டுப் போகாது. ஆனால் வேண்டாததை மேலே வைத்து அது கிடைத்துவிட்டால், கீழே இருப்பதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. பத்துப் பதினைந்தோடு நிறுத்தாமல் நிறையப் போடுங்கள்.

ஒர்க்‌ஷாப் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகளிடம் ஏன் கம்ப்யூட்டர் என்று கேட்டேன். தோழி எடுக்கிறாள் என்றாள். நீங்கள் ஏன் அரசுக் கல்லூரி என்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். எதிர் வீட்டு சார் சொன்னார் என்றேன். அவள் அம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

இன்று காலை கோவை பஸ்ஸைப் பிடித்து, மேடம் சொன்னபடி சாயங்காலம் அந்தத் தனியார் கல்லூரி பஸ் நிற்கும் இடத்தில் நின்றோம். சிஎஸ் 6 செக்‌ஷனாம். மகள் மூன்று பெண்களிடம் பேசினாள், என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது, அரசுக் கல்லூரியையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாள். நாளை மறுநாள் அங்கே போகிறோம்.

இதற்கிடையில் ஒரு சந்தேகம். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றுக்கு என் அப்பாவின் டிசியைக் கேட்கிறார்கள். அவர் பள்ளிக்கூடமே போகவில்லை. என்ன செய்வது?

மூன்றாம் வருடம்:
எங்கள் தாத்தாவுக்கும் இதே கதைதான் அங்கிள். பள்ளிக்குப் போகவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கைநாட்டு வைத்துக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். தாத்தாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.