சங்கிலிச் சட்டை, கச்சை, செக்போஸ்ட்: உங்களுக்கு நடந்தது என்ன?

தக்கலைக்காரன்:

பழைய காலத்துப் போர்க்கவசம், உடுப்பு, வாள்வீச்சு என்று பொழுதுபோக்காகச் செய்து பார்க்கிறவர்கள் நம் தமிழ்நாடு-கேரள எல்லைப்பக்கம் ஐந்தாறு பேராவது இருப்பீர்கள். நான் செய்ததைவிட, அதைப் பார்த்தவர்கள் சொன்னதுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

நான் தொடங்கியது சங்கிலிச் சட்டையில். ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் போர்வீரர்கள் போட்டுக்கொண்ட சட்டை அது. ஒவ்வொரு இரும்பு வளையத்துக்குள்ளும் நான்கு வளையங்கள் கோத்திருக்கும். வீடியோவில் பார்க்க மீன்வலை பின்னுகிற மாதிரிதான் இருந்தது. ஹார்டுவேர் கடையில் போய்க் கட்டுக்கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். சென்ட்ரிங் வேலைக்கு உள்ளது, விரலாலேயே வளைகிறது, ஆகாது. 16 கேஜ் ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி கேட்டேன், 1.6 மில்லிமீட்டர் கனம். "வேலி கெட்டவா?" என்றார் கடைக்காரர். "இல்ல அண்ணே, சட்டைக்கு" என்றேன். மிச்சச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார்.

கம்பியைச் சுருளாகச் சுற்ற 8 எம்எம் தண்டு ஒன்று வேண்டும். வீடு கட்டியதில் மிஞ்சிக் கிடந்த டிஎம்டி கம்பியை எடுத்துச் சுற்றினேன். அதன்மேல் வரிவரியாக இருக்கிறதல்லவா, சுருள் அதில் இறுகிக்கொண்டு கழலவே மாட்டேன் என்றது. அறுத்து எடுக்க அரை நாள் போனது. வழவழப்பான கம்பிதான் வேண்டும் என்பதை யாரும் வீடியோவில் சொல்லவில்லை, அவர்கள் ஊரில் யாரும் டிஎம்டியை எடுக்கமாட்டார்கள் போல. சரி, அதற்கப்புறம் சுற்றியது, நிப்பரால் வெட்டியது, இரண்டு பிளேயர் வைத்துக் கோத்தது எல்லாம் எட்டு மாதம். ஒரு வளையம் அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இருபதாயிரம் வளையத்துக்கு ஒன்பதரைக் கிலோ.

அசல் சட்டையில் வளையத்தின் இரு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தட்டையாக அடித்து, துளையிட்டு, குட்டி ஆணி அறைவார்கள். நான் நுனிகளைச் சும்மா முட்டவைத்தேன். அந்தச் சோம்பேறித்தனத்தின் பலன் தோட்டத்தில் தெரிந்தது. குலை வெட்டிய வாழைமரத்துக்குச் சட்டையை மாட்டி வெட்டுகத்தியால் ஒரு போடு போட்டேன். சட்டை கிழியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கழற்றிப் பார்த்தால், உள்ளே வாழைமட்டை நான்கு அடுக்கு நசுங்கித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வெட்டுத்தான் நிற்கும், அடி உள்ளே இறங்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் சட்டைக்குள் மெத்தைபோல் தைத்த உடுப்பு ஒன்றைப் போட்டார்கள். அடுத்து ஒரு கூரான கம்பியால் குத்தினேன். முட்டவைத்த வளையங்கள் வாயைத் திறந்து வழிவிட்டன.

இந்த லட்சணத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஆசானிடம் போனேன். எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை சொல்லிக்கொடுக்கிறவர், வயது எழுபது இருக்கும். திண்ணையில் இருந்தபடியே கேட்டார்.

"மக்ளே, இது என்னவாக்கும்?"

"கவசம் ஆசானே."

"எத்தற கிலோ உண்டு?"

சொன்னேன். எழுந்து வந்து ஒரு விளிம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நூத்தியெட்டு வர்மம் உண்டு. இதுல எத்தறைய இது மறைக்கும்?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் முச்சாண் கம்பின் நுனியால் விலாவுக்குக் கீழே ஒரு அழுத்து. அடி என்றுகூடச் சொல்லமுடியாது. வளையங்கள் கம்போடு சேர்ந்து உள்ளே வந்தன. நான் ஒன்பதரைக் கிலோவோடு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார், சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அப்புறம் உள்ளே போய் ஒரு பழுப்புத் துணியை எடுத்து வந்தார். கச்சை. பத்து முழத்துக்குக் குறையாத பருத்தித் துணி, வேறொன்றுமில்லை. ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியை என் தொப்புளுக்கு மேல் வைத்துப் பிடிக்கச் சொன்னார். துணி விறைப்பாக நிற்கும்படி பின்னால் சாய்ந்துகொண்டே தூணை நோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் துணி இறுகுகிறது. மூன்றாவது சுற்றில் தொப்பை உள்ளே போனது, ஐந்தாவதில் முதுகு தானாக நிமிர்ந்தது. "இனி குனி" என்றார். குனிந்தால் இடுப்பில் யாரோ இரண்டு கையால் தாங்குகிற மாதிரி இருந்தது. "வரிந்து கட்டிக்கொண்டு" என்று நாம் சும்மா எழுதுகிறோம், அதன் அர்த்தம் எனக்கு வயிற்றில் பட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு சம்பவம். உதயகிரிக் கோட்டைக்குப் படம் எடுக்கப் போனேன். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே பயிற்சி கொடுத்து "வலிய கப்பித்தான்", அதாவது பெரிய தளபதி ஆன டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அடக்கமானது அங்கேதான். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. டிலனாய் காலத்து ஐரோப்பியச் சிப்பாய் கோட்டும் துப்பாக்கியுமாக வந்தவன், சங்கிலிச் சட்டைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தெரிந்துதான் போனேன், படம் நன்றாக வரும் என்ற ஆசை. பிள்ளைகளோடு வந்த ஒரு அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, எந்தப் பள்ளி? பெரிய வெள்ளி இன்னும் வரலியே" என்றார். சிலுவைப்பாதை நாடகத்து ரோமச் சிப்பாய் என்று நினைத்துவிட்டார். யோசித்தால் அவர் கணக்குத்தான் சரி. ரோமப் படையில் சங்கிலிச் சட்டை இருந்தது, டிலனாய் படையில் இல்லை. அடுத்த ஆண்டு எங்கள் ஊர் நாடகத்தில் அட்டைக் கவசம் போட்ட ஐந்து சிப்பாய்களுக்கு நடுவே அசல் இரும்போடு நின்றவன் நான்தான்.

வேலந்தாவளம்:

நான் கோவைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் நண்பர் வீட்டு மாடியில் இரண்டு கை வாள் பழகுகிறோம். ஐரோப்பியப் பாணி, பழைய கையேட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து. வாள் எஃகுதான், ஆனால் விளிம்பு 2 மில்லிமீட்டர் தடிமன், நுனி உருண்டை. தலைக்கு ஃபென்சிங் மாஸ்க், கைக்குத் தடித்த உறை. விரல்தான் முதலில் அடிபடும், அதை மட்டும் புதியவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்க.

எல்லையில் ஒரு செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். நீளமான பை, கிரிக்கெட் மட்டை என்று நினைத்திருப்பார்கள். வெளியே எடுத்ததும் பஸ்ஸே அமைதியாகிவிட்டது. "எந்தா இது?" விளையாட்டுச் சாமான் என்றேன். நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். பஸ் போய்விட்டது. எஸ்ஐ வரும்வரை ஒன்றரை மணி நேரம் பெஞ்சில். வந்தவர் வாளை விரலால் தடவினார், முகம் மாறவில்லை. மேஜையில் யாரோ வைத்திருந்த நேந்திரம்பழத்தை எடுத்து நடுவே வைத்து ஒரு வெட்டு. பழம் இரண்டாகவில்லை, பேப்பர் மேலெல்லாம் அப்பிக்கொண்டது. "இதுகொண்டு ஒரு பழம்கூடி முறியில்லல்லோ" என்று சொல்லிப் பெயர், முகவரி எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். பழத்துக்குச் சொந்தக்காரப் போலீஸ்காரர்தான் என்னை முறைத்தார்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லீங்க. 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரான அலகு ஆயுதக் கணக்கில் வருகிறது. மழுங்கல் என்பது நமக்குத் தெரியும், பைக்குள் கைவிட்டவருக்கு எப்படித் தெரியும்? இப்போது பில், படங்கள், மாஸ்க் மூன்றையும் பையில் மேலாகவே வைக்கிறேன். முதலில் மாஸ்க் கண்ணில் பட்டால் பேச்சே வேறு மாதிரி தொடங்குகிறது.

தையல்காரி:

இரண்டு அண்ணன்மாரும் இரும்பைப் பற்றியே சொல்கிறீர்கள். நான் மார்த்தாண்டம், துணி மட்டும்தான் செய்கிறேன்.

தக்கலை அண்ணன் சொன்ன மெத்தைச் சட்டை நம் பக்கத்து விஷயமும்தான். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், படைவீரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி போட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அதைத் தைத்துப் பார்க்கலாம் என்று முதலில் இலவம்பஞ்சு போட்டேன். அது வழுக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது, தோளில் வெறும் துணி, இடுப்பில் தலையணை. பிரித்துவிட்டு, பழைய வேட்டி பன்னிரண்டு அடுக்கு வைத்து இரண்டு விரல் இடைவெளியில் தையல் ஓட்டினேன். மிஷின் ஊசி நான்கு உடைந்தது, மீதியைக் கோணி ஊசியால் கையில் தைத்தேன். தம்பி அதைப் போட்டுக்கொண்டு மே மாதம் கால்மணி நேரம் நின்றான். பிழிந்தால் ஒரு செம்பு வந்திருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு, குளச்சல் போர்க்காலத்துச் சந்தைக் காட்சி ஒன்றுக்கு உடுப்பு தைக்கச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளுக்கு ரவிக்கையும் மேல்முண்டும் என்று வரைந்து வைத்திருந்தேன். பாட்டி தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல நம்ம ஆளு எதுவாக்கும்?" என்றார். கருப்பட்டி விற்கிற பெண்ணைக் காட்டினேன். "அவளுக்கு இதெல்லாம் போட யாரு விட்டா பிள்ளே?"

நான் பாடத்தில் படித்ததுதான். ஆனால் பென்சிலைப் பிடித்த கைக்கு அது தெரியவில்லை. நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட முடியாமல் இருந்த ஊர் இது. கிறிஸ்தவரானவர்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டதற்கே அடி விழுந்திருக்கிறது. 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை வந்தபோதும், குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை மீன்பிடிக்கிற முக்குவச் சாதிப் பெண்களைப்போல் சுற்றிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் கூடாது என்றுதான் வந்தது. இந்த நாடகம் 1741. அதற்கு இன்னும் நூற்றுப்பதினெட்டு வருஷம் இருக்கிறது.

உள்ளது உள்ளபடி என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளையை மேடையில் எப்படி நிறுத்துவது? பொய்யாகத் தைக்கவும் மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசி, சந்தைக் காட்சியில் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, கடைசியில் தனியாக ஒரு காட்சி வைத்தோம். ஒரு பிள்ளை குப்பாயம் போட்டுக்கொண்டு நடந்து வருவாள், இன்னொருத்தி ஆணையை வாசிப்பாள். துணி பாலராமபுரத்தில் வாங்கிய கோரா, வெளுக்காத துணி. கழுத்து வட்டம், கை முழங்கைவரை, பொத்தான் கிடையாது, நாடா. பாட்டி இந்தக் குப்பாயத்தின் கைத்தையலைத் தானே போட்டார். கண் சரியாகத் தெரியாது, தையல் கோணலாகத்தான் போனது. பிரிக்கவில்லை.

தக்கலைக்காரன்:

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் வீட்டிலும் பாட்டி இருந்தார். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இதற்கு நடுவில் வேறொரு தொல்லை. சட்டை புது ஜிஐ பளபளப்பில் வேலிமாதிரியே இருக்கிறதே என்று இரண்டு நாள் வினிகரில் ஊறப்போட்டேன். மேல்பூச்சு கரைந்து நல்ல கறுப்பு நிறம் வந்தது. எங்கள் ஊருக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஐப்பசி முடிவதற்குள் சட்டை செங்கல் நிறம். தேங்காய் எண்ணெய் தடவினேன், அது பிசுக்காகிப் பல்லி ஒட்டிக்கொண்டது. என்ன செய்யலாம்?

கடற்கரைக்காரன்:

எடே, இரும்பு வச்சு வெளையாடணும்னா மலைப்பக்கம் இருக்கணும். எங்க வீட்டுல சன்னல் கம்பியே நிக்காது. வெளிநாட்டுல மணல் நெறச்ச பீப்பாயில போட்டு உருட்டுவாங்க, வளையம் வளையத்தோட ஒரசித் துரு போயிரும். நீ ஒரு சாக்குல போட்டு ரெண்டு பேர் புடிச்சு ஆட்டு. கடல் மணல் வேண்டாம், உப்பு இருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கார்னெட் மணல் உண்டு, உப்புத்தாள் செய்யுற சாமானாக்கும், ஆனா அத அள்ளப் போயிராத, தாது மணல் கேசு. உமி போதும். உமியும் துரு அறுக்கும்.

தக்கலைக்காரன்:

ரைஸ்மில்லில் ஒரு சாக்கு உமி சும்மாவே கொடுத்தார்கள். நானும் தம்பியும் ஆளுக்கொரு நுனி பிடித்து ஒரு மணி நேரம் ஆட்டினோம். துரு முக்கால்வாசி போய்விட்டது, நன்றி அண்ணே. இப்போது இருபதாயிரம் வளையத்திலும் உமி மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க யாருக்காவது வழி தெரியுமா?