ஆராதனையில் உதடுகள் மட்டும் பங்கெடுக்கும்போது என்ன செய்வது?

கேள்வி: பாளையங்கோட்டை வாசகர்

தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஆராதனையின் முறைமை முழுவதும் மனப்பாடமாகிவிட்டதால், ஆராதனைப் புத்தகத்தைத் திறந்தே பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஞாயிறு பாவ அறிக்கையைச் சபையாரோடு சேர்ந்து ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னேன். ஆயர் பாவமன்னிப்பைக் கூறத் தொடங்கியபோதுதான், அவ்வளவு நேரமும் வீட்டுக் கூரை ஒழுகுவதையே நினைத்துக்கொண்டிருந்தது உறைத்தது. ‘தங்கள் உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள்’ என்னும் ஏசாயா 29:13 என்னைக் குறித்தே சொல்லப்பட்டதுபோல் இருக்கிறது. எழுதிவைத்த ஜெபத்தை விட்டால்தான் ஆவிக்குரிய விழிப்பு வரும் என்கிறார், பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்லும் என் மைத்துனர். அவர் சொல்வது சரியா?

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார்

தம்பி, உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆனால் எழுதாத ஜெபமும் பழகிப்போகும். ‘அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே’ என்று தொடங்கி, வாரந்தோறும் ஒரே வரிசையில் ஒரே சொற்களைச் சொல்லி முடிக்கிறவர்களை நான் ஏராளமாகக் கேட்டிருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன். மனப்பாடம் பகையன்று, ஆயத்தமில்லாமல் வருவதுதான் பகை. ஞாயிற்றுக்கிழமைக்குரிய வேதபாடங்களைச் சனி இரவே வாசித்துவிடுங்கள். பாவ அறிக்கைக்கு முன்னால் வரும் சிறு மௌனத்தில், அந்த வாரத்தில் யாரிடம் என்ன தவறு செய்தீர்கள் என்று ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவந்தால், பின்வரும் பொதுச் சொற்கள் அந்த ஒன்றைச் சுமக்கத் தொடங்கும். புத்தகத்தையும் மறுபடி திறங்கள்; தெரிந்த சொல்லையே கண்ணும் தொடரும்போது மனம் ஓடும் வேகம் குறையும்.

1950இல் நம் திருச்சபை வெளியிட்ட திருவிருந்து முறைமையில் சமாதானத்தைக் கைக்குக் கை கொடுக்கும் வழக்கம் இடம்பெற்றது. அந்த நேரத்தில் அடுத்தவர் முகத்தைப் பாராமலே கையை நீட்டுகிறோம். அங்கிருந்து தொடங்கலாம்.

பதில்: கத்தோலிக்க வாசகர்

எங்களிடமும் இதே சிக்கல் உண்டு. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு குறித்து வெளியிட்ட ஏடு, விசுவாசிகள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கெடுக்க வேண்டும் என்று கேட்டது. அதற்குப் பதிலுரைகளையும் பாடல்களையும் மட்டும் சொல்லாமல், உடலின் நிலைகளையும் உரிய நேரத்து மௌனத்தையும் சேர்த்தே சொன்னது. கேரளத்தில் ஒரு நண்பரின் ஊரில் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக்குச் சென்றபோது, நடுநடுவே திருத்தொண்டர் ‘ஸ்தௌமென் காலோஸ்’ என்று உரக்கக் கூறுவதைக் கேட்டேன். ‘நன்றாய் நிற்போம்’ என்னும் பொருளுடைய பழைய கிரேக்கத் தொடராம். மனம் சிதறும் என்பதை முன்னோர் அறிந்தே அந்தக் குரலை வழிபாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பதில்: இரவுப்பணிச் செவிலியர்

கவனம் சிதறுவதும் உறக்கம் வருவதும் வேறுவேறு என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில், பவுல் நடுராத்திரிமட்டும் பிரசங்கிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். அந்த அறையில் அநேக விளக்குகள் எரிந்தன என்று எழுதும் லூக்கா, அவனைக் கடிந்து ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரவுப்பணி முடித்து நேரே காலை ஆராதனைக்குச் சென்று, பிரசங்கத்தில் தூங்கி விழுந்து, குற்ற உணர்வோடு திரும்பிய நாட்கள் எனக்குப் பல. இப்போது உறங்கி எழுந்து மாலை ஆராதனைக்குச் செல்கிறேன். என் விசுவாசம் ஒரே வாரத்தில் வளர்ந்துவிடவில்லை. கண் மட்டும் திறந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, உபதேசியார் ஐயா. இந்த ஞாயிறு புத்தகத்தோடு போனேன். நான் மனப்பாடமாகச் சொல்லிவந்த ஒரு வரியில் இரண்டு சொற்கள் இடம் மாறியிருந்ததை அங்கேதான் கண்டேன். எத்தனை ஆண்டுகளாகத் தவறாகச் சொன்னேனோ தெரியவில்லை. கூரைக்கு ஆள் வரச்சொல்லியிருக்கிறேன்.