மழைக்காலத்தில் கிறிஸ்துமஸ் பரிசுகளைக் கையால் செய்வது: ஈரத்தில் கெடாதவை எவை?

குத்தாலத்து மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் அன்பியத்தில் (அருகருகே வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) 26 குடும்பங்கள் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் நெகிழிக் கிண்ணமோ மூடி போட்ட டப்பாவோ வாங்கிக் கொடுப்பதே பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது. சென்ற ஆண்டுதான், பெண்களும் பிள்ளைகளும் மாலை நேரங்களில் கூடி உட்கார்ந்து எல்லாவற்றையும் கையாலேயே செய்வது என்று முடிவு செய்தோம்.

நவம்பர் முழுவதும் உழைத்தோம். பனையோலையில் 26 சிறு பெட்டிகள் பின்னினோம். மூங்கில் பிளாச்சில் வண்ணத்தாள் ஒட்டி விண்மீன்கள் செய்தோம். பிள்ளைகள் வாழ்த்து அட்டைகள் எழுதினார்கள். அனைத்தையும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கோயிலை ஒட்டிய அறையில் வைத்திருந்தோம். டிசம்பர் இரண்டாம் வாரம் நான்கு நாள் விடாமல் பெய்த அடைமழைக்குப் பிறகு திறந்து பார்த்தபோது, ஓலைப்பெட்டிகளின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. விண்மீன்களில் ஒட்டிய தாள் பிளாச்சை விட்டுக் கழன்றிருந்தது. மைதாப் பசை இருந்த இடத்தையெல்லாம் கரப்பான் பூச்சி அரித்திருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகப் பரவியிருந்தன. கடைசியில் 23ஆம் தேதி கடைக்கு ஓடிக் கிண்ணம்தான் வாங்கினோம்.

மேலைநாட்டுக் குறிப்புகளில் சொல்லியிருந்தபடி ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பு குத்தி நறுமண உருண்டையும் செய்து பார்த்தேன். அங்கே அது வாரக்கணக்கில் காய்ந்து கல்போல் இறுகிவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறாம் நாளே அழுகி, வீடெல்லாம் வேறொரு மணம் வீசியது.

இந்த ஆண்டும் கையால்தான் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. ஒரு வீட்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் செலவு செய்ய இயலாது. இந்த மழையையும் ஈரக்காற்றையும் தாங்கக்கூடிய பரிசாக எதைச் செய்யலாம்? ஓலைப்பெட்டியைக் கைவிட மனம் வரவில்லை. அதைக் காப்பாற்ற ஏதேனும் வழி உண்டா?

ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர், தஞ்சாவூர் எழுதியது:

அம்மா, உங்கள் ஓலைப்பெட்டி கெட்டதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ஓலை ஒடியாமல் வளைய வேண்டும் என்பதற்காகப் பின்னுவதற்கு முன் அதை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்கிறோம். பின்னி முடித்த பெட்டியின் மடிப்புகளுக்குள் அந்த ஈரம் தங்கிவிடுகிறது. வெளிப்பக்கம் உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், இரண்டு மூன்று ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் அடிப்பக்கம் உலர்வதற்குப் பல நாள் ஆகும். அந்த நிலையில் காற்றுப் புகாத அட்டைப்பெட்டியில் அடைத்து வைத்தால், வெயில் காலத்திலும் பூசணம் பிடிக்கத்தான் செய்யும்.

ஆகவே ஓலை வேலையை இந்த வாரமே தொடங்கி, கார்த்திகைக்குள் முடித்துவிடுங்கள். இப்போது புதிய குருத்தோலை வெட்டிக் காயவைக்க வெயில் இல்லை. கோடையில் வெட்டிக் காய்ந்த ஓலை வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பின்னிய பெட்டிகளை அடுக்காமல், கயிற்றில் கோத்து அடுப்பங்கரையில் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். நம் பாட்டிமார் முறத்தையும் கொட்டானையும் அங்கே செருகி வைத்தது இடமில்லாத குறையால் அன்று. அடுப்பின் வெதுவெதுப்பும் புகையும் பூச்சியையும் பூசணத்தையும் அண்டவிடா. இப்போது எல்லார் வீட்டிலும் எரிவாயு அடுப்பாகிவிட்டதால் புகை கிடைக்காது, வெப்பமாவது கிடைக்கும். ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்க எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவது உண்டு. பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். தின்பண்டம் வைக்கும் உட்பக்கத்தில் வேண்டாம்.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். யாராவது அதை உங்களுக்கும் பரிந்துரைக்கக்கூடும். அது நஞ்சு, பிள்ளைகள் கைபட்டு வேலை செய்யும் இடத்தில் கூடவே கூடாது. விண்மீனுக்குத் தாளை விட்டுவிட்டு மெல்லிய பருத்தித் துணியை இழுத்துத் தைத்துவிட்டால் பசையே தேவைப்படாது. வாழ்த்து அட்டைக்குச் சாதாரணப் பால்பாயிண்ட் பேனா போதும். அதன் மை எண்ணெயில் குழைத்தது என்பதால் ஈரத்தில் எளிதில் பரவாது.

நெட்டி வேலை செய்யலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள் என எண்ணுகிறேன், ஏனென்றால் தஞ்சாவூர்க்காரன் என்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. குளத்திலும் ஏரியிலும் வளரும் ஒரு செடியின் தண்டிலிருந்து எடுக்கும் வெண்மையான, பஞ்சுபோன்ற பொருள் அது. கூரிய கத்தியால் தாள்போலச் சீவத் தெரிந்தவர் கையில்தான் அது பூவாகும். பெரிய கோயில் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பதற்குத் தூசியும் ஈரமும் படக்கூடாது என்பதும் காரணம். ஐந்து வாரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் இறங்க வேண்டாம். பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டும் நெட்டி மாலையைப் போலத் துண்டு துண்டாக நறுக்கிச் சாயமேற்றிக் கோப்பதாக இருந்தால் மட்டும் முயலலாம்.

நாகை ஒயர்கூடை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனாலும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. ஈரத்தோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டுவதைவிட, ஈரம் ஒன்றும் செய்ய முடியாத பொருளை எடுத்துக்கொள்வது நல்லதன்றோ? நாங்கள் கடலோரத்தில் இருப்பவர்கள். இங்கே இரும்பே பொரிந்து உதிர்கிறது. பத்து ஆண்டுகளாக நான் கிறிஸ்துமஸுக்கு ஒயர் கூடைதான் பின்னிக் கொடுக்கிறேன். முதலில் கொடுத்த கூடை இன்னமும் ஒரு வீட்டில் மீன் வாங்கப் போய்வருகிறது.

பழகாத கைகளுக்குச் சாதாரண முடிச்சு போதும். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்செல்லாம் பார்வைக்கு மிக அழகு. ஆனால் ஒயர் அதிகமாக இழுக்கும், பிழை நேர்ந்தால் பிரிப்பதும் கடினம். அடிப்பகுதியைப் பெரியவர்கள் போட்டுக் கொடுத்து, சுற்றுச் சுவரைப் பிள்ளைகளிடம் விட்டால், உள்ளங்கை அளவுள்ள சிறிய கூடையை இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். வெள்ளையும் சிவப்பும் கலந்து பின்னினால் விழாவுக்குப் பொருத்தமாக இருக்கும்.

குத்தாலத்து மருமகள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒயர் கூடையைப் பற்றி எங்கள் அன்பியத்தில் பேசினேன். "நெகிழிப் பொருள் வேண்டாம் என்றுதானே கிண்ணத்தையும் டப்பாவையும் விட்டோம், மறுபடியும் அதையே முடிச்சுப் போட்டுக் கொடுப்பதா?" என்று ஒரு மூதாட்டி கேட்டுவிட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

நாகை ஒயர்கூடை எழுதியது:

பத்து ஆண்டு உழைக்கும் கூடையையும் பத்து நிமிடத்தில் எறியும் பையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று அந்தப் பாட்டியிடம் சொல்லுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பரிசு கொடுப்பவர் மனத்துக்கே பிடிக்காத பொருளைப் பெறுபவர் எப்படி விரும்புவார்?

கும்பகோணத்துச் சமையற்கட்டு எழுதியது:

ஓலைப்பெட்டி செய்வதென்றால் அதற்குள் என்ன வைப்பது என்று யாரும் கேட்கவில்லையே! வெறும் பெட்டியைக் கொடுத்தால் நம் ஊரில் திறந்து பார்த்துவிட்டு "உள்ளே ஒன்றும் இல்லையா" என்றுதான் கேட்பார்கள்.

கல்கல் செய்யுங்கள். மைதா, தேங்காய்ப்பால், சர்க்கரை, சிறிது நெய் சேர்த்துப் பிசைந்து, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. எண்ணெய்ச் சட்டியின் பக்கம் மட்டும் அவர்களை விட வேண்டாம். சிலர் பொரித்த கல்கல்லைச் சர்க்கரைப் பாகில் புரட்டுவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பாகு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகையால் சர்க்கரையை மாவிலேயே சேர்த்துவிடுவது நல்லது. அச்சு முறுக்கும் அழகுதான்; ஆனால் காற்றுப் பட்டால் ஒரே இரவில் நமத்துவிடும் என்பதால் ஓலைப்பெட்டிக்கு ஆகாது. அதிரசம் தாங்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறி ஒருநாள் ஊறவிட்டுச் சுட்டால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். 22, 23ஆம் தேதிகளில் சுடுவதற்குத் திட்டமிடுங்கள். அதற்கு முன்பு சுட்டால் உங்கள் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

பெட்டிக்குள் செய்தித்தாள் விரிக்காதீர்கள், அச்சு மை எண்ணெயில் இறங்கும். நன்றாகக் காய்ந்த வாழைச்சருகைத் துடைத்து விரியுங்கள். வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் கட்டுக் கட்டுவதற்கு அதைத்தானே வைத்திருக்கிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

பாபநாசம் உழவர் எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனால் சிறுவயதில் எங்கள் தெருவில் இருந்த ஒரு குடும்பத்துக்கு ஆண்டுதோறும் குடில் கட்ட உதவியவன் என்ற முறையில் ஒரு யோசனை சொல்கிறேன். குடிலைச் சுற்றிப் பசுமையாக இருக்க வேண்டும் என்று கேழ்வரகையும் கம்பையும் தட்டில் விதைத்து வளர்ப்போம். அதையே பரிசாகக் கொடுக்கலாமே? டெல்டாவில் இருந்துகொண்டு நெல்லை விட்டுவிட வேண்டாம். அகலமான மண் தட்டில் நெல் நாற்று வளர்த்து, நடுவில் கையளவு குடில் வைத்துக் கொடுங்கள். ஈரத்தால் கெடாதது மட்டுமன்று, ஈரத்தால் செழிக்கும் பரிசு இது ஒன்றுதான்.

ஐரோப்பாவிலும் இதைப் போன்ற வழக்கம் உண்டு. குரோவாசியாவிலும் ஹங்கேரியிலும் டிசம்பர் 13ஆம் தேதி லூசியா திருநாளன்று தட்டில் கோதுமை விதைத்து, கிறிஸ்துமஸுக்குள் பசேலென்று வளர்த்து வீட்டில் வைப்பார்கள். நமக்கும் கணக்கு ஏறக்குறைய அதே நாளில்தான் வருகிறது.

11ஆம் தேதி மாலை விதைநெல்லைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் மாலை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி வீட்டுக்குள் வையுங்கள். 13ஆம் தேதி மாலைக்குள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். மார்கழிக் குளிர் முன்கூட்டியே வந்துவிட்டால் இன்னும் அரைநாள் ஆகும். தட்டில் இரண்டு விரற்கடை உயரம் சலித்த மண்ணும் எருவும் கலந்து பரப்பி, நெல்மணிகள் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போடுங்கள். முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பதால் அது வெளிர் மஞ்சளாக இருக்கும். இதற்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் கொட்டும் மழையில் வைத்தால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். திண்ணை விளிம்பு ஏற்ற இடம். 24ஆம் தேதி நான்கைந்து அங்குலம் நிற்கும்.

மண் தட்டுகளைத் திருக்கார்த்திகைக்கு அகல் விற்கும்போதே வாங்கிவிடுங்கள். அடைமழை பிடித்துக்கொண்டால் குயவரால் பச்சைமண்ணை உலர்த்தவும் முடியாது, சூளை வைக்கவும் முடியாது. குடிலுக்குக் கொட்டாங்குச்சியைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தால் போதும்.

மூன்று அரசர் திருநாளான ஜனவரி 6 அன்று உங்கள் வீடுகளில் குடிலைக் கலைப்பீர்கள். அன்று அந்த நாற்றுக்கு 24 நாள் வயது. நடவுக்குச் சரியான பருவம். கொல்லையில் சேறு இருந்தால் பிள்ளைகளே பிடுங்கி நடலாம். இல்லாவிட்டால் மாட்டுக்குப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர், தஞ்சாவூர் எழுதியது:

உழவர் ஐயாவின் யோசனை என்னுடையதைவிட மேலானது. குடிலுக்குள் வைக்கும் குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர் உருவங்களைக் களிமண்ணில் செய்வதானால், சுட வழியில்லாத இந்தப் பருவத்தில் அவை ஈரமண்ணின்மேல் நின்றால் கரைந்துவிடும். அடியில் தட்டையான ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள்; தண்ணீரையும் தட்டின் ஓரமாகவே ஊற்றுங்கள்.

குத்தாலத்து மருமகள் எழுதியது:

நேற்று மாலை கூடிப் பேசினோம். பிள்ளைகள் ஒருமனதாக நாற்றுக் குடிலுக்குக் கை தூக்கிவிட்டார்கள். பெரியவர்கள் பத்துப் பேர் ஓலைப்பெட்டியில் அதிரசம் என்று நின்றார்கள். இரண்டையும் செய்வது என்று தீர்மானித்திருக்கிறோம். ஆனால் ஓலைப்பெட்டி, தனியாக வாழும் முதியவர்கள் இருக்கும் ஒன்பது வீடுகளுக்கு மட்டும். அந்த எண்ணிக்கை என்றால் எங்கள் வீட்டு அடுப்பங்கரையிலேயே தொங்கவிட்டுவிடலாம். ஒயர் கூடையை மறுத்த மூதாட்டி, நாற்றுத் தட்டைத் தூக்கிச் செல்ல ஏதாவது வேண்டுமே என்று சொல்லி, நாகைச் சகோதரியிடம் அந்தச் சாதாரண முடிச்சைக் கேட்டு எழுதச் சொன்னார். அதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் ஐயம். வீட்டில் மூட்டையாக நெல் இருக்கிறது. அதையே ஊறவைக்கலாமா? கடையில் விதை வாங்க வேண்டுமா?

பாபநாசம் உழவர் எழுதியது:

அரைப்பதற்காக அவித்த நெல்லாக இருந்தால் ஒரு மணிகூட முளைக்காது. எங்கள் வீட்டுப் பேரன் ஒருமுறை அவித்த நெல்லை ஊறவைத்து மூன்று நாள் காத்திருந்தான். அவிக்காததாக இருந்தாலும், அறுவடையான உடனே எடுத்த நெல்லில் பல ரகங்கள் சில வாரம் உறங்கிக் கிடக்கும். கடையில் வாங்கும் விதையில் பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்திருக்கக்கூடும், பிள்ளைகள் கையால் அளையக்கூடாது.

குறுவையில் எடுத்து வைத்த என் வீட்டு விதை இருக்கிறது. உப்புநீரில் போட்டு, மிதக்கும் பதரை நீக்கிக் கழுவி, நானே ஊறவைத்து விடுகிறேன். 26 தட்டுகளுக்கு மூன்று கிலோ தாராளம். 13ஆம் தேதி மதியத்துக்கு மேல் யாரையாவது அனுப்புங்கள், சாக்கோடு தருகிறேன். சாக்கை மட்டும் தவறாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.