பிரஷ் பேனாவில் ‘ப’ கோணலாக வருகிறது, நுனியும் பிய்ந்துவிட்டது. என்ன தப்பு செய்கிறேன்?

மஞ்சள்மூலை:

மூன்று மாதமாக பிரஷ் பேனா (அழுத்தினால் கோடு தடிக்கிற, வளையும் நுனிப் பேனா) பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன், எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான், அந்த வீடியோக்கள் எல்லாமே இங்கிலீஷ் எழுத்துக்கானவை. மேலே ஏறும்போது லேசாக, கீழே இறங்கும்போது அழுத்தி என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு ஏ பி சி டி ஓரளவு கைக்கு வந்துவிட்டது. அதையே தமிழுக்குப் போட்டால் மானம் போகிறது. ‘ப’ எழுதினால் இடது பக்கம் தேக்குத் தூண், வலது பக்கம் மூங்கில் குச்சி. ‘ண’ எழுதினால் சுழி மூன்றும் மையில் அடைத்துக்கொண்டு ஏதோ பூச்சி நசுங்கின மாதிரி இருக்கிறது.

இது போதாதென்று, ஆசை ஆசையாக வாங்கின பெரிய நுனிப் பேனாவின் முனை ஒரே மாதத்தில் பஞ்சு மாதிரி பிரிந்துவிட்டது. பழைய பள்ளிக்கூட நோட்டில்தான் பயிற்சி செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணனுக்குக் கல்யாணம், பத்திரிகைக் கவரில் பெயர் எழுதும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் இருபது கவர் அழகாக வந்தது. அம்மா மூலையில் மஞ்சள் தடவ உட்கார்ந்தார், ஈரக் கை பட்டதும் பெரியப்பா பெயர் கவரோடு கரைந்தது. இன்னும் 180 கவர் இருக்கிறது. உதவுங்கள்!

நீலப்புட்டி:

முதலில் கவர் விஷயம், அதுதான் அவசரம். நீங்கள் வைத்திருப்பது சாய மை. தண்ணீரில் முழுக்கக் கரைந்த சாயம் அது, காய்ந்த பிறகும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மறுபடி உயிர் வந்து ஓடும். டாம்போ டூயல் பிரஷ் போன்ற வண்ணப் பேனாக்கள் இந்த வகைதான். அது குறையே இல்லை, அப்படி ஓடுவதால்தான் இரண்டு நிறத்தைக் கலந்து எழுத முடிகிறது. பிளாஸ்டிக் ஃபைல் கவரின் மேல் ஒரு நிறத்தைக் கிறுக்கி, வெளிர்நிறப் பேனாவின் நுனியால் அதைத் தொட்டு எழுதிப் பாருங்கள், முதலெழுத்து ஊதாவில் ஆரம்பித்து நாலாவது எழுத்தில் ரோஸாக முடியும். கொஞ்சம் கிறுக்கினால் நுனி தானாகச் சுத்தமாகிவிடும். எனக்கு இந்தப் பேனாவில் பிடித்ததே இதுதான்.

ஆனால் மஞ்சள், குங்குமம், வியர்வைக் கை எல்லாம் படுகிற கவருக்கு அது ஆகாது. நிறமி மை உள்ள பேனா வேண்டும். அதில் நிறம் கரைந்திருக்காது, நுண்ணிய துகளாக மிதக்கும். காய்ந்ததும் காகித நாரில் உட்கார்ந்துவிடும். ஃபேபர்-காஸ்டல் பிட் ஆர்ட்டிஸ்ட் பேனாவில் பிரஷ் நுனி கிடைக்கிறது, அது நிறமி மை. வெயிலில் வெளுப்பதும் குறைவு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிற எதையும் சாய மையில் எழுதாதீர்கள், நான் ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தது ஜன்னலோர வெளிச்சத்தில் கொஞ்ச நாளிலேயே வெளுத்துப்போனது, இன்றும் அவர்கள் வீட்டுக்குப் போனால் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

நுனி பிரிந்ததற்கு நோட்டுத்தாள்தான் காரணம். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு, அந்த மெல்லிய நுனிக்கு உப்புத்தாள் மாதிரி. விரலால் தடவினால் வழுக்குகிற தாள் வேண்டும். 100 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) வழுவழுப்பான பிரிண்டர் தாள் போதும், கட்டாக வாங்கினால் கட்டுப்படியாகும். அதுவும் இல்லையா, கீழே மாதிரி எழுத்தை வைத்து மேலே டிரேசிங் பேப்பர் போட்டு எழுதுங்கள். அப்புறம், பேனாவைச் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள், 45 டிகிரி சாய்வாக. நட்டுப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கித் தள்ளினால் எந்த நுனியும் மடங்கும்.

பிரிந்த பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிழல் போட, பின்னணியில் வண்ணம் தீட்ட ஆகும்.

சுவரெழுத்து:

‘ப’ கேள்விக்கு நான் வருகிறேன், அப்பா கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவர்.

ஏறும்போது மெலிவு, இறங்கும்போது தடிப்பு என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? காப்பர்பிளேட் என்ற பழைய இங்கிலீஷ் அலங்கார எழுத்தில் பயன்படுத்தின கூர்முனை நிப்பில் இருந்து. கீழே இழுத்து அழுத்தினால் நிப்பின் இரண்டு பல்லும் விரிந்து கோடு தடிக்கும். மேலே தள்ளும்போது அழுத்தினால் காகிதத்தில் குத்திக்கொள்ளும், மை தெறிக்கும். அதாவது அது அந்தக் கருவியின் கட்டாயம். நம் எழுத்துக்கு அந்தச் சரித்திரமே கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, மேலே கரி பூசித் தெரிய வைத்தார்கள். ஆணிக்குத் தடிப்பு மெலிவு எல்லாம் ஏது? எல்லாப் பக்கமும் ஒரே கோடு. ஆகவே எங்கே தடிக்க வேண்டும் என்று எழுதிவைத்த சட்டம் நமக்கு இல்லை, நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் செய்கிற தப்பு, ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி ‘ப’வைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதுவது. இடது கால் இறக்கம், அடிக்கோடு, வலது கால் ஏற்றம். வலது கால் ஏற்றமாக இருக்கும்வரை அது மூங்கில் குச்சிதான். கையை எடுங்கள். இடது காலை அழுத்தி இறக்கி, அடிக்கோட்டை லேசாக இழுத்து நிறுத்திவிடுங்கள். அப்புறம் வலது காலை மேலிருந்து தனியாக இறக்கி அடிக்கோட்டோடு சேருங்கள். இரண்டு தூணும் ஒரே கனத்தில் நிற்கும். ம, ய, ழ எல்லாம் இதே குடும்பம், எங்கே கோடு மேலே ஏறுகிறதோ அங்கே வெட்டிப் பாருங்கள். ழவின் வாலில் இறங்கும்போது அழுத்தி, சுருளும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

அப்பா கையில் இருந்தது தட்டை பிரஷ், அதில் தடிப்பு கோணத்தால் வரும், அழுத்தத்தால் அல்ல. அவரிடம் என் பிரஷ் பேனாவைக் கொடுத்தேன். இரண்டு எழுத்து எழுதிவிட்டு ‘இது என்னடா வழவழன்னு’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுழி அடைப்பதற்குக் காரணம், பெரிய நுனியில் சின்ன எழுத்து எழுதுவது. ‘ண’வை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்காவது எழுதுங்கள், சுழிக்குள் நுழைந்ததும் அழுத்தத்தை முழுக்க எடுத்துவிடுங்கள்.

கோடுபோட்டநோட்டு:

கவரில் அவ்வளவு உயரத்துக்கு எழுத இடம் ஏது? அதற்குச் சின்ன நுனி வேண்டும். டாம்போ ஃபுடெனோசுகே இருக்கிறது, கெட்டி முனை, மெது முனை என்று இரண்டு. கெட்டி முனையை வாங்குங்கள், கை நடுங்கினாலும் மன்னிக்கும். அதிலும் நிறமி மைதான், ஆனாலும் ஒரு கவரில் எழுதிக் காயவிட்டு ஈரவிரலால் தேய்த்துப் பார்த்த பிறகு மீதியைத் தொடுங்கள்.

எல்லாக் கோடும் தடித்து மெலிய வேண்டும் என்று யார் சொன்னது என்பதும் என் கேள்வி. ஓலை எழுத்து மாதிரி ஒரே கனத்தில் எழுதி, கொம்பையும் சுழியையும் மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினால் தமிழ் எவ்வளவு லட்சணமாக இருக்கிறது. சுவரெழுத்து சண்டைக்கு வரலாம்.

சுவரெழுத்து:

சண்டை இல்லை. ஆனால் ஒரே கனத்தில் எழுதுவதற்கு பிரஷ் பேனா எதற்கு, ஸ்கெட்ச் பேனா போதுமே.

மஞ்சள்மூலை:

அண்ணா, ‘ப’ நின்றுவிட்டது! ராத்திரி உட்கார்ந்து இரண்டு பக்கம் முழுக்க அதையே எழுதினேன். அடிக்கோடும் வலது காலும் சேரும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு மைப் புள்ளி விழுகிறது. சின்ன நுனிப் பேனா நாளைக்கு வருகிறது. ஆனால் கவரின் வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கிறது, அதில் தண்ணீர் மை காயுமா?

நீலப்புட்டி:

பளபளப்புப் பூச்சு மையை உறிஞ்சாது, மேலேயே நிற்கும், மணிக்கணக்கில் ஆனாலும் தேய்த்தால் வரும். வழுவழுப்பான வெள்ளைத்தாளைச் சீட்டாக வெட்டி, அதில் பெயர் எழுதிக் கவரில் ஒட்டிவிடுங்கள். தப்பானால் சீட்டு மட்டும்தான் வீண். மஞ்சளை அம்மா முதலில் தடவிக் காயவைக்கட்டும், ஒட்டுவது கடைசியில்.

சுவரெழுத்து:

அந்த மைப் புள்ளி, கோடு முடிகிற இடத்தில் பேனாவை நிறுத்தி யோசிப்பதால் விழுவது. சேருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்தத்தைக் குறைத்து, நுனியைத் தூக்கிக்கொண்டே போய்த் தொடுங்கள். பெரியப்பா கவரைக் கடைசியில் எழுதுங்கள், அதற்குள் கை நன்றாக வந்திருக்கும்.