ஸ்ட்ரிங்காகக் கொடுக்கும் கிளாஸ் பெயரை எடிட்டருக்குப் புரியவைப்பது எப்படி? (பிஎச்பி)

முதுநகர்க்காரன், கடலூர்:
வணக்கம் நண்பர்களே. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ், டீசல் கொடுக்கும் கடைக்கு பில் மென்பொருள் எழுதுகிறேன். நிரல்மொழி பிஎச்பி 8.2, எடிட்டர் பிஎச்பிஸ்டார்ம். ஐஸ்பில், டீசல்பில் என்று தனித்தனி கிளாஸ். இரண்டும் பில் என்ற இன்டர்ஃபேஸின் கீழ். உருவாக்கு(ஐஸ்பில்::கிளாஸ்) என்று அழைத்தால் அந்த ஆப்ஜெக்ட் வரும். நிரல் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அம்புக்குறி போட்டதும் எடிட்டர் பில்லின் மெத்தடுகளை மட்டுமே காட்டுகிறது. ஐஸ்பில்லுக்கே உரிய கட்டிஎண்ணிக்கை() வரவே மாட்டேன் என்கிறது. ஃபங்ஷனுக்கு மேல் "@பாரம் ஸ்ட்ரிங் $பெயர்", "@ரிட்டர்ன் பில்" என்று இருக்கிறது. அழைக்கும் இடமெல்லாம் @வார் வரி (இந்த மாறி இன்ன கிளாஸ் என்று எடிட்டருக்குச் சொல்லும் குறிப்பு) எழுதாமல் வழி உண்டா?

லாஸ்பேட்டை தம்பி, புதுச்சேரி:
உண்டு அண்ணா. ஏதோ ஒரு ஸ்ட்ரிங் போகிறது, ஏதோ ஒரு பில் வருகிறது என்பதற்கு மேல் அந்த இரண்டு வரியும் எதுவும் சொல்லவில்லை. எந்தப் பெயர் போகிறதோ அதே கிளாஸ்தான் திரும்பி வரும் என்று எழுதிவிடுங்கள்:

/**
 * @டெம்ப்ளேட் டி ஆஃப் பில்
 * @பாரம் கிளாஸ்-ஸ்ட்ரிங்<டி> $பெயர்
 * @ரிட்டர்ன் டி
 */

கோப்பில் இவை ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு நட்சத்திரம் கட்டாயம். ஒன்று மட்டும் போட்டால் அது சாதாரணக் குறிப்பாகிவிடும். ஃபங்ஷன் தலைப்பில் ஸ்ட்ரிங் அப்படியே இருக்கட்டும். கிளாஸ்-ஸ்ட்ரிங் என்ற டைப் பிஎச்பி மொழியில் கிடையாது, எடிட்டரும், நிரலை ஓட்டாமலே பிழை பார்க்கும் பிஎச்பிஸ்டான் போன்ற கருவிகளும்தான் அதைப் படிக்கும்.

முதுநகர்க்காரன்:
கட்டிஎண்ணிக்கை() வந்துவிட்டது, ரொம்ப நன்றி தம்பி! இன்னொன்று. ஒரு இடத்தில் கிளாஸ் பெயர் டேட்டாபேஸிலிருந்து வருகிறது. அங்கே வெறும் ஸ்ட்ரிங் கொடுக்கிறாய் என்று பிஎச்பிஸ்டான் திட்டுகிறது. @வார் போட்டு அடக்கிவிடலாமா?

லாஸ்பேட்டை தம்பி:
வேண்டாம் அண்ணா. டேபிளில் ஒரு எழுத்து தவறினாலும் அந்த வரி அதை மூடி மறைத்துவிடும், கடையில் பில் போடும்போதுதான் வெடிக்கும். அழைப்பதற்கு முன் உண்மையாகவே சோதியுங்கள்: இஸ்_ஏ($பெயர், பில்::கிளாஸ், ட்ரூ). மூன்றாவது ட்ரூவை விட்டுவிட்டால் ஸ்ட்ரிங்குக்கு எப்போதும் ஃபால்ஸ்தான் வரும், நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். ஃபால்ஸ் வந்தால் அங்கேயே எக்ஸெப்ஷன் எறியுங்கள். அதற்குக் கீழே $பெயர் கிளாஸ்-ஸ்ட்ரிங்<பில்> என்று பிஎச்பிஸ்டானுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

அப்புறம், டேபிளில் நேம்ஸ்பேஸோடு (கிளாஸ் சேர்ந்திருக்கும் தொகுப்பின் பெயரோடு) முழுப்பெயர் இருக்கிறதா பாருங்கள். ::கிளாஸ் தருவது அதைத்தான்.

முதுநகர்க்காரன்:
டேபிளில் வெறும் "ஐஸ்பில்" என்றுதான் இருக்கிறது. இப்போதே மாற்றுகிறேன்.