டேட்டா ரீகன்சிலியேஷன்: ‘அளவீட்டுச் சரிகட்டல்’ சரிவருமா?

காரைக்குடியிலிருந்து:

நண்பர்களே, வேதிப்பொறியியல் கலைச்சொல் பட்டியலில் ‘டேட்டா ரீகன்சிலியேஷன்’ இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. வந்தவை ‘தரவு இணக்கம்’, ‘தரவுச் சமரசம்’. இரண்டும் பஞ்சாயத்துப் பேசி முடித்த மாதிரி இருக்கின்றன.

வேலை இதுதான். வினைகலனுக்குள் இரண்டு குழாய்கள் வருகின்றன, ஒன்று வெளியே போகிறது. உள்ளே எதுவும் தேங்கவில்லை. மீட்டர்கள் மணிக்கு 60, 41 கிலோ வரத்து, 98 கிலோ போக்கு என்கின்றன. இடிக்கும் 3 கிலோ வெறும் இரைச்சல், அதாவது மீட்டர்களில் இயல்பாக வரும் சிறு பிழை. வரத்தும் போக்கும் சமமாக வேண்டும்; திருத்தங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மூன்று மீட்டரும் ஒரே தரமென்றால் 59, 40, 99. போக்கு மீட்டரின் திட்டவிலக்கம் மட்டும் இரண்டு மடங்கு என்றால், திருத்தத்துக்கு மீட்டரின் தரத்துக்கேற்ற எடையும் சேர்ந்து 59.5, 40.5, 100. நம்பிக்கை குறைந்த மீட்டர்தான் அதிகம் நகர்கிறது. கூன் (Kuehn), டேவிட்சன் (Davidson) என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1961இல் எழுதிய வழி இது.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் பேங்க் ரீகன்சிலியேஷனுக்கு ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ இருக்கிறதே! பேரேடும் ஐந்தொகையும் புழங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு வேறு சொல் தேடுவானேன்? ‘அளவீட்டுச் சரிகட்டல்’ என்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, ‘ஆளைச் சரிகட்டியாச்சு’ என்றால் கவர் கைமாறிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஆய்வேட்டில் எழுதினால் தேர்வாளர் சிரிப்பார். அப்புறம், போக்கு மீட்டர் ரிப்பேராகி 70 காட்டினால்? மூன்றும் ஒரே தரமென்று வைத்தால் நல்ல மீட்டரின் 60கூட 50க்குக் கீழே இறங்கிவிடும். ‘அளவீட்டு நேராக்கம்’ என்று வைக்கலாமே.

காரைக்குடியிலிருந்து:

தம்பி, கவர் வாங்குவது ஆள். மீட்டருக்கு யார் கொடுக்கிறார்கள்? ‘நேராக்கம்’ வேண்டாம். வெப்பநிலைச் சமன்பாடு வந்தாலே ‘நேரியலாக்கம்’ (லீனியரைசேஷன்) அதே பக்கத்தில் வந்து நிற்கும், மாணவர்கள் குழம்புவார்கள்.

ரிப்பேர் மீட்டர் விஷயம் நியாயம். அந்த ‘கிராஸ் எரர்’க்குத் தனிச்சொல் வேண்டும், ‘பெரும்பிழை’ என்று வைத்திருக்கிறேன். முதலில், இடிக்கும் அளவு வெறும் இரைச்சல்தானா என்று பார்க்கும் கை வர்க்கச் சோதனை (chi-square test), அதில் தேறினால்தான் சரிகட்டல். ஆனால் ஒரே சமன்பாடு கையில் இருந்தால் எங்கோ கோளாறு என்பது மட்டும் தெரியும், எந்த மீட்டர் என்று தெரியாது. பாகப்பொருள் கணக்கோ (கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளின் வரத்து-போக்கு) வெப்பக் கணக்கோ கூடச் சேர்ந்தால்தான் ஆளைப் பிடிக்கலாம்.

மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘பெரும்பிழை’க்கு இதைவிட நல்லது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.